உசியாவின் கையிலிருந்த தூபகலசம்

“அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை.” நீதிமொழிகள் 16:18. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட ஒரே மூச்சில் ஒப்புவிக்கிற வசனம். வசனத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை. நாம் அதை எடுத்தாளும் விதம்தான் நெடுநாளாக உறுத்துகிறது. யாராவது விழுந்த பிறகுதான் நமக்கு இந்த வசனம் நினைவுக்கு வருகிறது. தொழில் நொடித்தவர், பதவி பறிபோனவர், பேர் கெட்ட ஊழியக்காரர் என்று ஒருவரைக் காட்டி, “அப்பவே தெரியும், அவ்வளவு பெருமை” என்கிறோம். பிரசங்கத்தில் வருகிற உதாரணங்களும் அப்படியே. பார்வோன், கோலியாத், ஆமான், நேபுகாத்நேச்சார், புழுப்புழுத்துச் செத்த ஏரோது. எல்லாரும் தேவஜனத்துக்கு எதிரே நின்றவர்கள். ஐம்பது முழ உயரத்தில் தூக்குமரம் நாட்டிய ஆமானிடத்தில் தன் முகத்தைத் தேடிப்பார்க்க யாருக்கு மனம் வரும்? கேட்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம்.

பெருமையைப் பற்றி வேதம் சொல்வதைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் இந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு 2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்துக்கு வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மொத்தம் 23 வசனங்கள். யூதாவின் ராஜாவாகிய உசியாவின் கதை. அவன் எதிரி இல்லை, விக்கிரகம் வைத்தவன் இல்லை, கொலைகாரனும் இல்லை. 16 வயதில் சிங்காசனம் ஏறி, 52 வருஷம் ராஜா என்ற பேரோடு இருந்தவன். “கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான்” என்று வேதமே சான்று கொடுத்தவன். இதே ராஜாவை 2 இராஜாக்கள் 15ஆம் அதிகாரம் அசரியா என்ற பேரில் ஏழே வசனங்களில் முடித்துவிடுகிறது. கர்த்தர் அவனை வாதித்தார், அவன் சாகுமட்டும் குஷ்டரோகியாயிருந்தான் என்று சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அந்த ‘ஏன்’ என்பதற்காகவே நாளாகமக்காரர் இந்த அதிகாரத்தை எழுதியிருக்கிறார். ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் வேலையைச் செய்ய ராஜா கலசத்தோடு ஆலயத்துக்குள் நுழைந்தான் என்பதே அதன் சுருக்கம்.

கட்டினவன்

முதல் பதினைந்து வசனங்களை அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. பெருமை எந்த மண்ணில் முளைத்தது என்பது அங்கேதான் தெரிகிறது. உசியா காத், யப்னே, அஸ்தோத் ஆகிய பெலிஸ்தப் பட்டணங்களின் மதில்களை இடித்தான். அம்மோனியர் காணிக்கை கொண்டுவந்தார்கள். அவன் கீர்த்தி எகிப்தின் எல்லைவரை போனது. தெற்கே செங்கடல் ஓரத்து ஏலாத்தைத் திரும்பக் கட்டி யூதாவோடு சேர்த்துக்கொண்டான். வம்சத்தலைவரான பராக்கிரமசாலிகள் 2,600 பேர். அவர்கள் கையின்கீழ் 3,07,500 பேர் கொண்ட சேனை. சேவகர்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்த ஆயுதத்தோடு நிற்கவில்லை. கேடயம், ஈட்டி, தலைச்சீரா, கவசம், வில், கவண்கல் என்று அத்தனையும் ராஜாவே கொடுத்தான். கோபுரங்களின்மேல் அம்புகளையும் பெரிய கற்களையும் எறிய நிபுணர் கற்பனைசெய்த யந்திரங்களை வைத்தான்.

இவற்றைவிட என்னைத் தொடுவது பத்தாம் வசனம். வனாந்தரத்தில் கோபுரங்களைக் கட்டினான், அநேக துரவுகளை வெட்டினான். ஏனென்றால் அவன் “வெள்ளாண்மைப் பிரியன்”. ராஜாக்களின் சரித்திரத்தில் மண்ணை நேசித்தவன் என்று பேர் வாங்கியவன் இவன் ஒருவனே. வருஷத்தில் பாதி நாள் மழை எட்டிப் பார்க்காத நாடு அது. பாறையைக் குடைந்து, உள்ளே சாந்து பூசி, மாரிக்கால மழைநீரைப் பிடித்து வைத்தால்தான் கோடையில் மந்தை பிழைக்கும். அதைச் செய்தவன் வெறும் போர்வெறியன் அல்ல, குடிகளின் வயிற்றை நினைத்தவன்.

ஐந்தாம் வசனம் இதற்கெல்லாம் வேர் எது என்று சொல்கிறது. தேவனுடைய தரிசனங்களில் புத்திமானாயிருந்த சகரியாவின் நாட்களில் அவன் தேவனைத் தேடினான். “அவன் கர்த்தரைத் தேடின நாட்களில் தேவன் அவன் காரியங்களை வாய்க்கச்செய்தார்”. இரண்டு தரம் ‘நாட்களில்’ வருகிறது. அந்த நாட்களுக்கு ஒரு முடிவும் இருந்தது என்று எழுதினவர் மெல்லக் காட்டுகிறார். இந்தச் சகரியா யார் என்று வேறெங்கும் விவரம் இல்லை. ராஜாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இருந்தார், பிறகு கதையில் அவர் இல்லை. நாம் அறிவது அவ்வளவுதான்.

‘பலப்படுமட்டும்’

பதினைந்தாம் வசனத்தின் கடைசி வரியையும் பதினாறாம் வசனத்தின் முதல் வரியையும் நிறுத்தாமல் சேர்த்து வாசித்துப் பாருங்கள். “அவன் பலப்படுமட்டும் ஆச்சரியமாய் அவனுக்கு அநுகூலமுண்டாயிற்று. அவன் பலப்பட்டபோது, தனக்குக் கேடுண்டாகுமட்டும், அவனுடைய மனம் மேட்டிமையாகி…” அச்சில் வசன எண் ஒன்று குறுக்கே நிற்பதால் இந்த இணைப்பு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ‘பலப்படுமட்டும்’ என்று முடிந்த இடத்தில் ‘பலப்பட்டபோது’ என்று தொடங்குகிறது. அநுகூலம் போய்ச் சேர்ந்த படியிலிருந்தே சறுக்கலும் ஆரம்பம்.

எபிரெய மூலத்தில் இதன் நெசவு இன்னும் நெருக்கம். ‘அநுகூலமுண்டாயிற்று’ என்ற இடத்தில் இருப்பது ‘அசார்’ என்ற வேர், உதவுதல் என்று பொருள். ஏழாம் வசனத்தில் பெலிஸ்தருக்கு விரோதமாகத் தேவன் அவனுக்குத் துணைநின்றார் என்கையில் அதே வேர். பதின்மூன்றாம் வசனத்தில் சேனை ராஜாவுக்குத் துணைநின்றது என்கையில் அதே வேர். உசியா என்ற பேரின் பொருள் ‘கர்த்தர் என் பெலன்’. அவனுடைய மறுபேராகிய அசரியாவின் பொருள் ‘கர்த்தர் உதவினார்’. இந்த அதிகாரம் முழுவதிலும் அவனை அந்த மறுபேரால் ஒருதரமும் அழைக்காத எழுத்தாளர், பதினேழாம் வசனத்தில் அந்தப் பேரை வேறொருவருக்குத் தருகிறார். ராஜாவைத் தடுக்க ஆலயத்துக்குள் அவன் பின்னே போன ஆசாரியரின் பேர் அசரியா! பெலன் முன்னே போகிறது. ‘கர்த்தர் உதவினார்’ பின்னாலேயே வந்து, வெளியே வாரும் என்கிறது. உசியாவுக்கு வந்த கடைசி உதவி அந்த மனிதர்தான். உதவி என்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘மனம் மேட்டிமையாகி’ என்பதன் எபிரெயம் நேருக்கு நேராக ‘அவன் இருதயம் உயர்ந்தது’ என்று வரும். இதே தொடர் 2 நாளாகமம் 17:6இல் யோசபாத்துக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே தமிழ் வேதம் “கர்த்தருடைய வழிகளில் அவன் இருதயம் உற்சாகங்கொண்டது” என்று மொழிபெயர்க்கிறது. சொல் ஒன்று, ஒருவனுக்கு உற்சாகம், மற்றவனுக்கு மேட்டிமை. இருதயம் உயர்வதை வேதம் அப்படியே குற்றம் என்று தள்ளிவிடவில்லை. தைரியம், துணிவு, பெரிதாகக் கனவு காண்பது எல்லாம் அதே ஊற்றிலிருந்துதான் வருகின்றன. யோசபாத்தின் இருதயம் ‘கர்த்தருடைய வழிகளில்’ உயர்ந்தது. உசியாவின் இருதயம் வழியை விட்டு உயர்ந்தது. தாழ்மை என்ற பேரில் ஆற்றலுள்ள இளைஞர்களைத் தலை குனிந்தே நிற்கப் பழக்குகிற சபைகள் இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

தகப்பன் இடித்த மதில்

ஒன்பதாம் வசனம் வறட்சியான கட்டடக் கணக்கு போலத் தோன்றும். உசியா எருசலேமில் மூலைவாசல்மேலும் பள்ளத்தாக்கு வாசல்மேலும் கோபுரங்களைக் கட்டிப் பலப்படுத்தினான். ஏன் மூலைவாசல்? முந்தின அதிகாரத்தில் விடை இருக்கிறது. உசியாவின் தகப்பன் அமத்சியா உப்புப்பள்ளத்தாக்கில் ஏதோமியரில் பதினாயிரம் பேரை வெட்டினான். அந்த வெற்றி தலைக்கேறி, வடக்கே தனி ராஜ்யமாயிருந்த இஸ்ரவேலின் ராஜாவாகிய யோவாசைப் போருக்கு இழுத்தான். யோவாஸ் அவனுக்கு ஒரு கதை சொல்லியனுப்பினான். லீபனோனின் முட்செடி கேதுருவினிடத்தில் பெண் கேட்டதாம். ஒரு காட்டுமிருகம் வந்து முட்செடியை மிதித்துப் போட்டதாம். வீட்டிலே இரும், பொல்லாப்பைத் தேடிக்கொள்வானேன் என்றும் எச்சரித்தான். அமத்சியா கேட்கவில்லை. பெத்ஷிமேசில் தோற்று, பிடிபட்டு, தன் தலைநகரத்துக்கே கைதியாகக் கொண்டுவரப்பட்டான். யோவாஸ் எப்பிராயீம் வாசல்தொடங்கி மூலைவாசல்மட்டும் 400 முழ மதிலை இடித்துப்போட்டான். முழத்தை 45 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 180 மீட்டர்.

ஆக உசியா சுதந்தரித்த எருசலேமில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையின் பேர் தகப்பனின் பெருமை. அது முடிந்த முனையில்தான் மகன் கோபுரம் எழுப்பினான். மேட்டிமை என்ன செய்யும் என்பதை அவன் கல்லுக் கல்லாக அறிந்திருந்தான். கொத்தனும் சுண்ணாம்பும் கொண்டு அதைச் சரிசெய்தவனும் அவனே. அப்படியும் விழுந்தான். தகப்பனின் தவறைப் பார்த்துவிட்டாலே நமக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த மூலைவாசல் கோபுரம் ஒரு பதில். அமத்சியாவின் பெருமை போர்க்களத்தில் வந்தது. உசியா அந்த வாசலை அடைத்தான். அவனுடைய பெருமை ஆலயத்து வாசல் வழியாக வந்தது.

இன்னும் ஒரு தலைமுறை பின்னே போனால் வார்ப்பு தெளிவாகத் தெரியும். உசியாவின் பாட்டன் யோவாஸ் (யூதாவின் யோவாஸ், முட்செடிக் கதை சொன்னவன் வேறு) ஆசாரியனாகிய யோய்தாவின் நாளெல்லாம் நன்றாக இருந்தான். யோய்தா செத்தபின் வழி தப்பினான். யோய்தாவின் மகன் சகரியா கண்டித்தபோது ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். அமத்சியா ஏதோமின் தேவர்களைக் கொண்டுவந்து வணங்கியபோது ஒரு தீர்க்கதரிசி கண்டித்தார், “உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக வைத்தார்களோ?” என்று அவர் வாயை அடைத்து, வெட்டுண்டு சாவாய் என்று மிரட்டினான். அடுத்தது உசியா. மூன்று தலைமுறை, மூவரும் நல்ல தொடக்கம், மூவரும் ஒரே இடத்தில் வழுக்கினார்கள். பாட்டன் கண்டித்தவனைக் கொன்றான், தகப்பன் மிரட்டினான், மகன் கோபித்தான். உக்கிரம் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் வியாதி ஒன்றே.

தூபம் யாருடையது

உசியா ஆலயத்துக்குள் போனது எதையும் திருட அல்ல, தூபங்காட்ட. மேட்டிமை பக்தியின் ஆடை உடுத்தி வந்திருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பயம் தருகிற இடம் அதுதான். அவனுக்கு முன்னுதாரணமும் இல்லாமல் இல்லை. தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் ஆடிப் பலியிட்டான். சாலொமோன் தூபங்காட்டினதாக 1 இராஜாக்கள் 9:25 சொல்கிறது. சுற்றியிருந்த தேசங்களிலோ ராஜாவே கோயிலுக்கும் தலைவன். என் முன்னோர் செய்யாததையா செய்கிறேன் என்று அவன் மனது வாதாடியிருக்கும்.

நியாயப்பிரமாணமோ இதில் இடைவெளி விடவில்லை. யாத்திராகமம் 30இன்படி தூபபீடம் சீத்திம் மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடியது. ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரம். ஒரு மனிதனின் இடுப்பளவு. பிரமாண்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு நேர் முன்னே அதற்கு இடம். காலையில் விளக்குகளை விளக்கும்போதும் மாலையில் விளக்கேற்றும்போதும் பிரதான ஆசாரியனாகிய ஆரோன் அதில் தூபங்காட்ட வேண்டும். தூபவர்க்கத்துக்கு வெள்ளைப்போளம், குங்கிலியம், அல்பான் பிசின், சுத்தமான சாம்பிராணி ஆகியவை சமநிறையாகச் சேரவேண்டும். அதில் கொஞ்சத்தைப் பொடியாக இடித்து வைக்கவேண்டும். அதே கலவையை முகர்ந்து மகிழ்வதற்காகத் தனக்கென்று செய்கிறவன் ஜனத்தில் இராதபடி அறுப்புண்டுபோவான். அந்த வாசனை யாருக்கும் சொந்தமில்லை. ராஜாவுக்கும் இல்லை.

மீறினால் என்ன ஆகும் என்பதும் எழுதியிருந்தது. ஆரோனின் குமாரராயிருந்தும் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினி கொண்டுவந்து மாண்டார்கள். மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராகக் கோராகோடு எழும்பின 250 பேர் தூபகலசங்களோடு நின்று எரிந்துபோனார்கள். அந்தக் கலசங்களைத் தட்டையான தகடுகளாக அடித்துப் பலிபீடத்துக்கு மேல்மூடியாக வைத்தார்கள். ஆரோன் வம்சத்தான் அல்லாத அந்நியன் ஒருவனும் தூபங்காட்டக் கிட்ட வரக்கூடாது என்பதற்கு நினைவுச்சின்னமாக (எண்ணாகமம் 16:38-40). பத்துக் கோத்திரத்தைப் பிரித்த யெரொபெயாம் பெத்தேலில் தூபங்காட்ட நின்றபோது நீட்டிய அவன் கை மரத்துப்போனது. உசியாவுக்கு இவை புதிய செய்திகள் அல்ல.

அவன் ஆட்சியில் ஒரு குறை முன்பே இருந்தது. “மேடைகள் அகற்றப்படவில்லை, ஜனங்கள் இன்னும் மேடைகளின்மேல் பலியிட்டுத் தூபங்காட்டிவந்தார்கள்” என்று 2 இராஜாக்கள் 15:4 குறித்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் தூபம் போடுகிற நாடு. அந்தச் சிறு குறையை ராஜா வெளியே பொறுத்துக்கொண்டான். வருஷங்கள் போனபின் அதே மனப்பான்மை அவன் கையில் ஒரு கலசமாக ஏறியது. இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு நூல்களையும் சேர்த்து வாசிக்கும்போது இந்த ஊகத்தைத் தவிர்க்க முடியவில்லை.

பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

பொதுவாகச் சொல்வது இதுதான்: உசியா ஆலயத்துக்குள் நுழைந்தான், உடனே குஷ்டரோகம் பிடித்தது. வேதம் அப்படிச் சொல்லவில்லை. பதினாறாம் வசனத்தில் நுழைகிறான். வாசலில் இடி விழவில்லை. பதினேழில் அசரியாவும் பராக்கிரமசாலிகளான எண்பது ஆசாரியரும் அவன் பிறகே உள்ளே போகிறார்கள். வெளியே 3,07,500 பேர் கொண்ட சேனை. உள்ளே ஆயுதமில்லாத 81 பேர். சேனைத்தலைவர்களுக்குச் சொன்ன அதே வகைப் பராக்கிரமச் சொல்லை எழுத்தாளர் இவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். ராஜாவை எதிர்த்து நின்று, “உசியாவே, கர்த்தருக்குத் தூபங்காட்டுகிறது உமக்கு அடுத்ததல்ல” என்கிறார்கள். பாருங்கள், அவமானப்படுத்தும் ஒரு சொல்லும் இல்லை. நீர் கெட்டவர் என்று சொல்லவில்லை. இந்த வேலை உம்முடையதல்ல என்கிறார்கள். காரணம் சொல்கிறார்கள், வெளியே போகச் சொல்கிறார்கள், இது தேவனால் உமக்கு மேன்மையாக லபியாது என்றும் சொல்கிறார்கள். அவன் தேடிவந்தது மேன்மை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவையும் பேசி முடிக்கும்வரை அவன் நெற்றி சுத்தமாகவே இருந்தது.

அந்த இடைவெளிதான் எனக்கு இந்த அதிகாரத்தின் மையம். அந்தச் சில நிமிஷங்களில் உசியா திரும்பியிருக்கலாம். அவனுடைய வம்சத்தின் தந்தை தாவீது அவனைவிடப் பெரிய பாவம் செய்தவன்; பிறன் மனைவியை எடுத்து, அவள் புருஷனைக் கொன்றவன். தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து “நீயே அந்த மனுஷன்” என்றபோது தாவீதின் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்: “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்.” தண்டனை அவனைத் தப்பவில்லை, வீடே பற்றியெரிந்தது, ஆனாலும் அவன் தேவசமுகத்திலிருந்து தள்ளப்படவில்லை. உசியாவுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. கலசத்தை அசரியாவின் கையில் கொடுத்திருந்தால் கதை வேறு.

பத்தொன்பதாம் வசனம்: “அப்பொழுது உசியா கோபங்கொண்டான்.” அவன் தூபகலசத்தைக் கையில் பிடித்தபடி ஆசாரியரோடே கோபமாய்ப் பேசுகிறபோது அவன் நெற்றியிலே குஷ்டரோகம் தோன்றிற்று. வாக்கியத்தின் கட்டுமானமே காலத்தைக் குறிக்கிறது: நுழைந்தபோது அல்ல, ‘கோபமாய்ப் பேசுகிறபோது’. ‘கேடுண்டாகுமட்டும்’ என்று பதினாறில் நீட்டிய கயிறு இங்கேதான் அறுகிறது. மேட்டிமை அவனைப் பீடத்தின் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. விழச்செய்தது தடுத்தவர்மேல் எழும்பின கோபம். ஆகவே ஒருவரிடத்தில் மேட்டிமை இருக்கிறதா என்று அறிய அவர் தன்னைப் பற்றி எவ்வளவு பேசுகிறார் என்று அளப்பது வீண். “இது உமக்கு அடுத்ததல்ல” என்று தன்னைவிடச் சிறியவர் ஒருவர் சொல்லும்போது அவர் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சபைக் கமிட்டிகளில், குடும்பங்களில், அலுவலகங்களில் நான் அஞ்சுவது தற்பெருமைக்காரர்களுக்கு அல்ல, மறுத்துப் பேச ஆள் இல்லாமல் போனவர்களுக்கு.

நெற்றி ஏன்? யாத்திராகமம் 28:36-38இல் பிரதான ஆசாரியனின் நெற்றியில் கட்டவேண்டிய பசும்பொன் பட்டம் சொல்லப்பட்டிருக்கிறது. “கர்த்தருக்குப் பரிசுத்தம்” என்று அதில் வெட்டியிருக்கும். ஆசாரியரின் வேலையைத் தனக்கு எடுத்துக்கொள்ள வந்தவனுக்கு அந்தப் பட்டம் இருக்கவேண்டிய அதே இடத்தில் தீட்டின் அடையாளம் வந்தது. லேவியராகமம் 13இன்படி ஆசாரியன் தோலைப் பார்த்து, சந்தேகமானால் ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் பார்த்து, தேவையானால் இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இங்கே ஆசாரியர் எண்பத்தொருவரும் அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காத்திருக்க ஒன்றுமில்லை. அவனைத் தீவிரமாய் வெளியேற்றினார்கள். அவன் தானும் வெளியே போகத் தீவிரப்பட்டான். சற்றுமுன் சொன்னபோது போயிருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். தமிழ் வேதத்தில் ‘குஷ்டரோகம்’ என்று இருக்கிற ‘சாராத்’ என்ற எபிரெயச் சொல் ஆடையிலும் வீட்டுச்சுவரிலும்கூட வருகிற ஒன்றைக் குறிக்கிறது. இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்பது ஒரு கிருமியால் வருவது. 6 முதல் 12 மாதக் கூட்டுமருந்துச் சிகிச்சையில் குணமாவது. அதற்கும் பாவத்துக்கும் பெருமைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உசியாவின் கதையைப் பிரசங்கிக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால், சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியின் நெஞ்சில் கல்லெறிகிறார்கள்.

தனித்த வீடு

அதன்பின் மரணநாள்மட்டும் ஒரு தனித்த வீடு. எபிரெயத்தில் அதன் பேர் ‘பேத் ஹகோப்ஷித்’. அடிமை விடுதலையாகிப் போவதைச் சொல்லும் சொல்லின் வேர் அதில் இருக்கிறது. கடமைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட வீடு என்று பொருள் கொள்வார்கள். தனக்கு அடுத்ததல்லாத வேலையை எடுக்கப் போனவனிடமிருந்து அடுத்த வேலையும் போயிற்று. மகன் யோதாம் அரமனையை விசாரித்து ஜனத்தை நியாயந்தீர்த்தான். துரவுகளும் திராட்சத்தோட்டங்களும் யந்திரங்களும் எங்கும் போகவில்லை; அவன்தான் அவற்றுக்கு வெளியே இருந்தான். செத்தபோதும் ராஜாக்களை அடக்கம்பண்ணுகிற இடத்துக்கு அருகான நிலத்தில் வைத்தார்கள். காரணமும் எழுதப்பட்டது: “குஷ்டரோகி”. ஐம்பத்திரண்டு வருஷத்தை ஒரு சொல் விழுங்கிற்று.

1931இல் எருசலேமில் ஒலிவமலையிலிருக்கும் ரஷ்ய மடத்தின் சேகரிப்பில் எலேயாசார் சுகேனிக் என்ற தொல்லியல் அறிஞர் ஒரு கற்பலகையைக் கண்டார். ஒவ்வொரு பக்கமும் சுமார் 35 செ.மீ. அரமேய எழுத்து. இங்கே யூதாவின் ராஜாவாகிய உசியாவின் எலும்புகள் கொண்டுவரப்பட்டன, திறக்கக்கூடாது என்பது அதன் வாசகம். எழுத்தமைதி இரண்டாம் ஆலயக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதாவது அவன் செத்து ஏறக்குறைய எழுநூறு வருஷங்கள் கழித்து. அத்தனை காலத்துக்குப் பிறகும் யாரோ அந்த எலும்புகளைப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறார்கள், தொடவேண்டாம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

யோதாமைப் பற்றி 2 நாளாகமம் 27:2, தன் தகப்பன் செய்தபடியெல்லாம் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் கர்த்தருடைய ஆலயத்தில் பிரவேசிக்கவில்லை என்கிறது. தகப்பன் கட்டினதை மகன் தொடர்ந்தான், தகப்பன் மிதித்த எல்லைக்கோட்டை அவன் மிதிக்கவில்லை. கொள்ளுப்பேரன் எசேக்கியாவுக்கோ வியாதி நீங்கினபின் மனம் மேட்டிமையாயிற்று. உசியாவுக்குச் சொன்ன அதே சொல் (32:25). ஆனால் அடுத்த வசனம், எசேக்கியா தன் மனமேட்டிமையினிமித்தம் எருசலேமின் குடிகளோடேகூடத் தன்னைத் தாழ்த்தினான் என்கிறது. மேட்டிமைக்குப் பின்னும் திரும்ப வழி உண்டு என்பதற்கு அந்த வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. ராஜாக்களுக்கென்று உபாகமம் 17:18-20 ஒரு பயிற்சியையும் வைத்திருக்கிறது. சிங்காசனத்தில் உட்காரும்போது லேவியராகிய ஆசாரியரிடத்திலிருக்கும் நியாயப்பிரமாண நூலைப் பார்த்து ராஜா தனக்கு ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும். உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும். தன் சகோதரர்பேரில் இருதயம் மேட்டிமைகொள்ளாதபடிக்கு. மூலப்பிரதி ராஜாவிடம் இல்லை, ஆசாரியரிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதே பயிற்சியின் முதல் படி.

வேதபாட வகுப்பில் இந்த அதிகாரத்தை எடுக்கிறவர்கள் 23ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடாமல் நேரே ஏசாயா 6க்குப் போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். “உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்” என்று அது தொடங்குகிறது, ஏறக்குறைய கி.மு. 740. தீர்க்கதரிசியாகிய ஏசாயா காணும் தரிசனம் அது. ஆலயம் புகையினால் நிறைந்திருக்கிறது. சிங்காசனம் இருக்கிறது, பலிபீடம் இருக்கிறது. குஷ்டரோகி தன் வாயை மூடிக்கொண்டு “தீட்டு, தீட்டு” என்று கூப்பிட வேண்டும் என்பது லேவியராகமம் 13:45இன் கட்டளை. ஏசாயா தோலில் ஒரு நோயும் இல்லாதவர். யாரும் அவரைக் கண்டிக்கவும் இல்லை. அவராகவே கூப்பிடுகிறார்: “ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்.” அப்பொழுது சேராபீன்கள் என்னும் தேவதூதர்களில் ஒருவன் பலிபீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புத்தழலை எடுத்து அவரிடத்தில் பறந்து வருகிறான். ராஜா கலசத்தோடு தேடிப்போன பீடத்து நெருப்பு, கையில் ஒன்றுமில்லாமல் நின்றவரைத் தேடிவந்து அவருடைய வாயைத் தொடுகிறது.